பெயர் முந்தி வந்தது, எண்ணெய் பிந்தி வந்தது

இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்து, ஆதம் மலைக்கு ஏறி இறங்கிப் போன கதை நம்மவர் பலருக்கும் தெரியும். அவர் அதற்குப் பிறகு சீனத்துக்குப் போய் இறங்கிய துறைமுகத்தைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்று குவான்சோ எனப்படும் அந்த நகரத்துக்கு அரபு மாலுமிகள் வைத்திருந்த பெயர் ஸைத்தூன். இறங்கியவுடன் அவர் குறித்துவைத்த விஷயங்களில் ஒன்று, பெயர்தான் ஸைத்தூன், இந்த ஊரிலும் ஒரு ஸைத்தூன் மரம் கிடையாது, சீனத்திலும் இந்தியாவிலும் எங்குமே கிடையாது என்பது. உண்மையில் அந்த ஊருக்குச் சீனர் வைத்த பெயர் ஒரு முருக்க மரத்தின் பெயர். நாம் வேலிக்கும் வெற்றிலைக் கொடிக்கும் நடுகிற முள்முருக்கின் இனம். சீனப் பெயரின் ஓசை அரபுக் காதில் ஸைத்தூனாக விழுந்திருக்கிறது.

நமது கரையிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். கிண்ணியாவிலிருந்து மூதூர், தோப்பூர் வழியாகத் தெற்கே இலங்கைத்துறை முகத்துவாரம் வரை நடந்து பாருங்கள். ஒரு ஸைத்தூன் மரத்தையும் காணமாட்டீர்கள். ஆனால் குர்ஆன் மத்ரஸாவில் ‘வத்தீனி’ ஸூராவை மனனமிட்ட ஏழு வயதுப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் தெரியும். பல நூறு ஆண்டுகளாக நம்மிடம் இருந்தது பெயர் மட்டும். எண்ணெய் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது நம் வாப்பாமார் காலத்தில்தான். திருகோணமலையில் ‘எண்ணெய்’ என்றால் சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப்போன குதங்கள் நினைவுக்கு வரும். அரசியல்வாதிகள் இன்னும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் எழுதப்போவது போத்தலில் வருகிற எண்ணெயைப் பற்றி. அதிலும் குறிப்பாக, மார்பகப் புற்றுநோய் என்று டொக்டர் சொன்ன மறுநாள் நம் வீடுகளில் வாங்கிவைக்கப்படுகிற அந்த ஒரு போத்தலைப் பற்றி.

மரம் இல்லாவிட்டாலும் எண்ணெய் இந்தப் பக்கத்துக்கு ஒருகாலத்தில் வந்திருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மோர்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் கூர்நுனிச் சாடிகள் உடைந்து கிடந்தன. பின்னால் அவற்றை ஆராய்ந்தவர்கள், பெரும்பாலானவை வைன் கொண்டுவந்தவை, ஒரு பகுதி ஒலிவ எண்ணெயும் மீன் சாறும் கொண்டுவந்தவை என்று பிரித்துக் காட்டினார்கள். அது கி.பி. முதலாம் நூற்றாண்டையொட்டிய காலம். அந்த எண்ணெய் உள்ளூர்ச் சமையலில் ஒட்டவில்லை. தமிழில் ‘எண்ணெய்’ என்ற சொல்லே எள்ளின் நெய் என்பதுதானே. எள்ளும், பிறகு தேங்காயும் விளைகிற நாட்டில், கப்பலில் வருகிற எண்ணெய்க்கு யாருக்கு என்ன தேவை?

கடலில் மறுபக்கமாகப் போன சரக்கையும் இங்கே சொல்லவேண்டும். ஹதீஸ்களில் நபி (ஸல்) அவர்கள் மருந்தாகப் பரிந்துரைத்தவற்றில் ஒன்று ‘அல்-ஊதுல் ஹிந்தி’. அதாவது குஸ்த், நமது நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்று கேட்டால் மடித்துத் தருவார்களே, அதே வேர். இமயமலைப் பக்கத்தில் விளைந்தது, இந்தியச் சரக்கு என்ற பெயரோடு அரேபியச் சந்தையில் விற்பனையானது. மதீனாவில் ஒருவருக்குக் கோஷ்டம் கடல் கடந்து வந்த மருந்து, ஸைத்தூன் எண்ணெய் அன்றாட உணவு. நமக்கு அது தலைகீழாகிவிட்டது.

குர்ஆனில் ஸைத்தூன் பெயர் சொல்லி ஆறு இடங்களில் வருகிறது. ஏழாவதாக, அல்-முஃமினூன் ஸூராவில் ஸினாய் மலைப்பக்கம் முளைக்கும் மரம் என்று பெயர் சொல்லாமல் வருகிறது. அந்த ஏழாவது இடத்தைக் கவனியுங்கள். அங்கே அது எண்ணெயாகவும், உண்பவர்களுக்குத் தொட்டுக்கொள்ளும் கறியாகவும் பேசப்படுகிறது. அந்-நூர் ஸூராவில் அது விளக்குக்கான எண்ணெய். ஹதீஸுக்கு வந்தால், உமர் (ரழி) வழியாக இமாம் திர்மிதி பதிவுசெய்திருப்பது பிரபலமானது: அந்த எண்ணெயை உண்ணுங்கள், பூசிக்கொள்ளுங்கள், அது பரகத்தான மரத்திலிருந்து வருகிறது என்ற கருத்து. அதன் அறிவிப்பு வரிசையில் ஒருவரிடம் தடுமாற்றம் இருப்பதையும் இமாம் அவர்களே சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட நோயின் பெயரோடு ஸைத்தூன் எண்ணெய் சேர்ந்து வருவது, ஸைத் இப்னு அர்கம் (ரழி) வழியாக வரும் செய்தியில். அந்த நோய் ‘தாத்துல் ஜன்ப்’, விலாப்பக்க வலி. புற்றுக்கு அரபியில் ‘ஸரதான்’ என்று தனிச் சொல் உண்டு. இந்த அறிவிப்புகளில் அச்சொல் இல்லை. கைபேசியில் சுற்றுகிற ‘சுன்னத்தான புற்றுநோய் மருந்து’ என்ற செய்திகளுக்கு இவற்றில் இடமில்லை என்பதற்காகவே இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

உமர் (ரழி) அவர்களின் பெயர் வந்ததால் இன்னொன்று. ஹிஜ்ரி 18இல், ஏறத்தாழ கி.பி. 639இல், ஹிஜாஸில் கடும் பஞ்சம். சாம்பல் ஆண்டு என்று அதற்குப் பெயர். மக்கள் வயிறு நிறையும்வரை நெய்யும் இறைச்சியும் தொடமாட்டேன் என்று கலீபா உறுதி எடுத்துக்கொண்டார்கள். தொட்டுக்கொண்டது ஸைத்தூன் எண்ணெய் மட்டும். அதையே தின்று தின்று அவர்களுடைய நிறம் மாறியது. வயிறு இரைந்தபோது, இரைவதானால் இரை, மக்களுக்குக் கிடைக்கும்வரை உனக்கு நெய் கிடையாது என்று வயிற்றைப் பார்த்துச் சொன்னார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இந்தச் சம்பவத்தை ஜும்ஆவில் நீதிக்கு உதாரணமாகக் கேட்டிருக்கிறோம். உணவு வரலாறாகப் படித்தால் வேறொன்றும் தெரிகிறது: அந்தச் சந்தையில் நெய் இருப்பவன் தின்பது, ஸைத்தூன் எண்ணெய் இல்லாதவனும் தின்பது. பரகத்தான மரம் என்ற புகழ் ஏழைக்கும் எட்டுகிற ஒரு பண்டத்தின்மேல்தான் விழுந்திருக்கிறது. நமது கடைகளில் அதே எண்ணெய், பூட்டிய கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது.

சரி, நமது பழைய ஹகீம்கள் மார்பகப் புற்றைப் பற்றி என்ன சொன்னார்கள்? அவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, 1013 அளவில் மறைந்தவர், குர்துபாவுக்கு அருகே வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை. சத்திரசிகிச்சைக் கருவிகளைப் படம் வரைந்து விளக்கிய அவருடைய ‘தஸ்ரீஃப்’ ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் பாடநூலாக இருந்தது. அவருடைய நிலைப்பாடு இதுதான்: புற்று ஆரம்பத்தில் இருந்து, மார்பகம் போன்ற முழுவதும் வெட்டியெடுக்கக்கூடிய இடத்தில் இருந்தால் அறுவை செய்யலாம், பழையதாகி, பெருத்துவிட்டால் கிட்டப் போகவேண்டாம். அப்படிப் பெருத்த ஒன்றைத் தான் குணமாக்கியதும் இல்லை, வேறொருவர் குணமாக்கப் பார்த்ததும் இல்லை என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்தார். அவர் வாழ்ந்த அந்தலூஸ், இன்றைக்கும் உலகிலேயே மிக அதிகமாக ஒலிவ எண்ணெய் பிழியப்படும் மண். மூன்று வேளையும் அந்த எண்ணெயில் புழங்கிய ஊரின் மருத்துவர் சொன்ன வார்த்தை இது.

இப்னு ஸீனா (மறைவு 1037) தமது ‘கானூனில்’ ஸரதானுக்கு உணவு முறையே வகுத்திருக்கிறார். குளிர்ச்சியும் ஈரமும் தந்து, நல்ல சாரத்தை உண்டாக்கும் உணவாக இருக்கவேண்டும் என்பது அவர் விதி. அதற்கு அவர் தரும் உதாரணங்கள் பார்லிக் கஞ்சி, சிறு மீன், அரைவேக்காட்டு முட்டையின் மஞ்சட்கரு. உடம்பில் சூடு இருந்தால் வெண்ணெய் எடுத்த மோர். கானூனுடைய உடற்கூறுக் கோட்பாட்டை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை, ஏற்கத் தேவையுமில்லை. ஆனால் நோயாளிக்கு வயிற்றில் தங்கக்கூடிய, உடம்பைத் தேற்றக்கூடிய சாப்பாடு வேண்டும் என்று யோசித்த ஒரு மனிதரை அந்த வரிகளில் பார்க்கலாம். இந்தப் பட்டியலைத் திரும்பக் கவனத்தில் வைத்திருங்கள், கீழே தேவைப்படும்.

‘நபிவழி மருத்துவம்’ என்று நாம் கையாளும் நூலை எழுதிய இமாம் இப்னுல் கைய்யிம் (மறைவு 1350) எண்ணெய்களைப் பற்றிப் பேசும் இடத்தில், கலப்பில்லாத எண்ணெய்களில் பயன் மிக்கது ஸைத்தூன், அடுத்தது நெய், அதற்கடுத்தது ‘ஷீரஜ்’ என்று வரிசைப்படுத்துகிறார். ஷீரஜ் என்பது வேறொன்றுமில்லை, எள் எண்ணெய். நமது நல்லெண்ணெய்! எண்ணெய் பூசுவது ஹிஜாஸ் போன்ற வெப்ப நாட்டாருக்கு அவசியம், குளிர் நாட்டாருக்கு அப்படியல்ல என்றும் அதே இடத்தில் பிரித்துச் சொல்கிறார். ஊருக்கு ஊர் மாறும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நல்லெண்ணெய்க்கும் நம் பெண்களின் உடம்புக்கும் உள்ள உறவு தனிக் கட்டுரைக்குரியது. பிள்ளை வயசுக்கு வந்தால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். பிள்ளை பெற்றால் நல்லெண்ணெயில் வதக்கிய காயச்சரக்கு. மேல் வலித்தால் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர். செக்கில் ஆட்டிய எண்ணெயை மூத்தம்மாமார் வாசத்தை வைத்தே நல்லது கெட்டது சொல்லிவிடுவார்கள். தேங்காயெண்ணெய் பொரிப்பதற்கும் தலைக்கும். ஸைத்தூன் எண்ணெய் என்று ஒன்று வீட்டில் இருந்திருந்தால், பார்மஸியில் வாங்கிய விரலளவுப் போத்தலில், காதுக் குறும்பியை இளக்கிவிடுவதற்காக இருந்திருக்கும். எங்கட வீட்டில் அப்படித்தான் இருந்தது. அதை யாரும் குடிக்க நினைத்ததில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் மத்திய கிழக்குப் பயணங்கள் தொடங்கியபிறகே போத்தல் பெரிதானது. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பணிப்பெண்களாகப் போனவர்கள் அங்கே காலை ரொட்டிக்கு எண்ணெயை ஊற்றித் தொட்டுத் தின்பதைப் பார்த்தார்கள். திரும்பும்போது பால்மாவோடும் சவர்க்காரத்தோடும் ஒரு டின் எண்ணெயும் பெட்டிக்குள் வந்தது. ஹஜ், உம்ரா போய்வந்தவர்களிடமிருந்து ஸம்ஸம் தண்ணீரோடும் ஈச்சம்பழத்தோடும் அதுவும் பங்கிடப்பட்டது. அங்கே சாப்பாட்டு மேசையில் இருந்த பொருள், கடல் தாண்டியதும் ஸம்ஸமுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டுவிட்டது. மருந்தானது அந்த இடமாற்றத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இதே காலத்தில் மேற்கிலும் ஒலிவ எண்ணெயின் மதிப்பு ஏறிக்கொண்டிருந்தது. 1958இல் அன்செல் கீஸ் தொடங்கிய ஏழு நாட்டு ஆய்வு, கிரீட் தீவு மக்களின் இதயம் ஏன் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று கேட்கவைத்தது. புற்றுநோய்ப் பக்கம் பேச்சு திரும்பியது தொண்ணூறுகளில். 1995இல் ஏதென்ஸைச் சேர்ந்த அந்தோனியா திரிக்கோப்பூலூவும் குழுவினரும் மார்பகப் புற்றுநோய் வந்த 820 பெண்களின் உணவையும் வராத 1,548 பெண்களின் உணவையும் ஒப்பிட்டார்கள். நாளுக்கு ஒருமுறைக்கு மேல் ஒலிவ எண்ணெய் சேர்ப்பவர்களிடம் ஆபத்து கால்வாசி குறைவாகத் தெரிந்தது. நோய் வந்தபிறகு பழைய சாப்பாட்டை நினைவுபடுத்திக் கேட்கும் இப்படியான ஆய்வுக்கு ஒரு எல்லை உண்டு. நினைவு ஏமாற்றும், எண்ணெய் சேர்ப்பவர் கீரையும் பருப்பும் கூடச் சேர்ப்பவராக இருப்பார்.

2005இல் இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. சிக்காகோவில் ஹாவியர் மெனென்டெஸும் ரூத் லூப்புவும், ஒலிவ எண்ணெயின் பிரதான அமிலமான ஒலெயிக் அமிலம் ஹெர்-2 என்ற புற்று மரபணுவின் செயலை மட்டுப்படுத்துகிறது என்று கண்டார்கள். கண்டது ஆய்வுகூடக் கிண்ணத்தில் வளர்த்த உயிரணுக்களில். பத்திரிகைகள் கிண்ணத்தை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் தலைப்பில் போட்டன. அதே ஆண்டு கேரி போஷாம்ப் குழுவினர், புதிதாகப் பிழிந்த எண்ணெய் தொண்டையில் காறுவதற்குக் காரணமான ஒலியோகாந்தால் என்ற பொருளை அடையாளம் காட்டினார்கள். திரவ இபுபுரொஃபென் தொண்டையில் காறுவதைப்போலவே இந்த எண்ணெயும் காறுகிறதே என்ற சந்தேகம்தான் அவர்களை அங்கே கொண்டுபோனது. வேலை செய்யும் விதமும் அதையே ஒத்திருந்தது. ஆனால் 50 கிராம் எண்ணெயில் இருப்பது, வலிக்கு ஒருவர் எடுக்கும் இபுபுரொஃபெனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சமம்.

எல்லாவற்றிலும் கனமானது ஸ்பெயினின் ‘பிரெடிமெட்’. இதயநோய் ஆபத்துள்ள முதியவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்கு மத்தியதரை உணவோடு வீட்டுக்கு வாரம் ஒரு லீற்றர் எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஒலிவ எண்ணெய் இலவசமாகக் கொடுத்தார்கள். 2003க்கும் 2009க்கும் இடையில் சேர்க்கப்பட்டவர்களில் 60 முதல் 80 வயதுவரையான 4,282 பெண்களின் தரவை எடுத்து, மார்பகப் புற்றுநோய்க் கணக்கை 2015இல் வெளியிட்டார்கள். ஆயிரம் பேரை ஓராண்டு பார்த்தால் என்ற கணக்கில், கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட குழுவில் 2.9, எண்ணெய்க் குழுவில் 1.1. மூன்றில் இரண்டு பங்கு குறைவு! நமது கைபேசிகளுக்கு வந்தது இந்த ஒரு வரிதான். வராதவை பல. மொத்தப் புற்றுநோய்கள் வெறும் 35. அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஐந்தாறு பேர் இங்கும் அங்கும் மாறினால் கணக்கே மாறும். இதயம் பற்றிய பிரதான அறிக்கையை, சில இடங்களில் ஆட்களைக் குழு பிரித்த முறையில் பிழை இருந்ததால் 2018இல் ஆசிரியர்களே மீளப்பெற்றுத் திருத்தி வெளியிடவேண்டியும் வந்தது. முக்கியமானது இன்னொன்று. அந்தப் பெண்கள் ஆய்வில் சேரும்போது நோய் இல்லாதவர்கள். வராமல் இருப்பதைப் பற்றிய ஆய்வு அது. வந்த நோயைக் கரைப்பதைப் பற்றி அது பேசவேயில்லை.

வந்தவர்களைப் பற்றிப் பேசிய ஆய்வும் உண்டு. இத்தாலியில் பிராங்கோ பெரினோ முன்னின்று தொடங்கிய ‘டயானா-5’. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, திரும்பவும் வரக்கூடிய ஆபத்து கூடிய 1,542 பெண்கள். ஒரு பாதிக்கு ஒலிவ எண்ணெய், முழுத்தானியம், பருப்பு, காய்கறி என்று சமையல் வகுப்பே நடத்தினார்கள். மறுபாதிக்கு வழமையான ஆலோசனை. ஐந்தாண்டு முடிவில் ஒரு பக்கம் 95 பேருக்கும் மறுபக்கம் 98 பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. 2024இல் வெளியான முடிவு இது. எந்தக் குழுவானாலும் உணவை உண்மையாகவே அதிகம் திருத்திக்கொண்டவர்களிடம் திரும்புவது குறைவாக இருந்தது என்ற உபசெய்தியும் அதில் உண்டு. அது நம்பிக்கைக்கு இடம் தருகிறது. ஆனால் கீமோ முடிந்து எழுந்து நடந்து சமைக்க முடிந்தவர்தான் உணவைத் திருத்த முடிந்தவரும் என்பதை மறக்கக்கூடாது.

இவ்வளவும் வெளியூர்க் கதை. இங்கே அந்தப் போத்தல் என்ன செய்கிறது?

இலங்கையில் பெண்களுக்கு வரும் புற்றுகளில் முதலிடம் மார்பகப் புற்றுக்குத்தான். நம் பகுதிப் பெண்ணுக்குச் சிகிச்சை என்றால் நெடுங்காலமாக மஹரகம என்றுதான் அர்த்தம். பின்னால் மட்டக்களப்பிலும், 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து நிதி சேர்த்துக் கட்டிய தெல்லிப்பழையிலும் வசதிகள் வந்தன. இலங்கைத்துறையிலிருந்து வடக்கே வருகிறவர் களப்பும் ஆறும் குறுக்கிடும் கரையோரப் பாதையில் துறை துறையாகத்தான் வரவேண்டியிருந்தது. கிண்ணியாவில் 396 மீற்றர் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை பாதையில் ஏறித்தான் கடக்கவேண்டும். (பாதை என்று நாம் சொல்வது மிதவையை, வெளியூர் வாசகருக்காகச் சொன்னேன்.) யுத்த காலத்தில் அதுவும் நினைத்த நேரம் ஓடாது. அப்படிப்பட்ட இடத்தில், மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்ட பெண் முதலில் கையெட்டும் எதையாவது பிடித்துக்கொண்டதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் பாலம் போட்டபிறகும் அந்தப் பழக்கம் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா, கட்டி கடலையளவில் இருக்கும்போதே சொன்னவர். பயொப்ஸிக்கு நாள் கொடுத்தார்கள். ஊர்ப் பெரிய மனிசி ஒருவர் வந்து, “மகள், ஊசி குத்தினா அது கலஞ்சி மேலெல்லாம் பரவிரும். இது சுன்னத்தான எண்ணெய், வெறும் வயித்துல குடி, அல்லாஹ் ஷிபாவத் தருவான்” என்றார். அன்பில் சொன்ன வார்த்தை. காப்பை அடகுவைத்து எண்ணெய் வாங்கினார்கள். ஏழு மாதம் கழித்துப் போனபோது கட்டி அக்குளுக்கும் ஏறியிருந்தது. ஊசி குத்தினால் பரவும் என்ற பயம் நம் பகுதியில் எவ்வளவு ஆழமாக ஓடுகிறது என்பதை அந்தக் குடும்பத்தோடு போய்வந்தபோதுதான் பார்த்தேன். பயொப்ஸி செய்ததால் மார்பகப் புற்று உடம்பெங்கும் பரவுகிறது என்ற பேச்சு மருத்துவத்தில் நிற்கவில்லை. பார்க்காமல் விடுகிற ஏழு மாதத்தில் அது தானாகவே பரவும்.

சிகிச்சைக்குப் போனவர்களிடமும் வேறொரு சிக்கல். கீமோ ஏறத் தொடங்கியதும் வீட்டில் பத்தியம் தொடங்கிவிடும். மீன் கிரந்தி, முட்டை கிரந்தி, இறைச்சி ஆகாது, தேங்காய்ப்பால் ஆகாது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, காலையில் ஒரு மேசைக்கரண்டி, இரவில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது, புரதம் ஒரு துளியும் இல்லை. கீமோவில் உடம்பு இழப்பதைக் கட்டியெழுப்பப் புரதம் வேண்டும். குமட்டலில் கிடக்கும் வயிற்றில் வெறும் எண்ணெயை ஊற்றினால் வயிற்றோட்டம்தான் மிச்சம். மறுபக்கம், மாதவிடாய் நின்றபிறகு நோய் வந்து, மாத்திரையில் இருக்கிற பெண்களில் பலருக்கு எடை கூடுவது ஒரு பிரச்சினை. சாப்பாட்டுக்கு மேலதிகமாகக் குடிக்கிற எண்ணெய் அதையும் கூட்டும்.

இப்போது இப்னு ஸீனாவின் பட்டியலுக்கு வருவோம். பார்லிக் கஞ்சி, சிறு மீன், மஞ்சட்கரு, மோர். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஹகீம் புற்றுநோயாளிக்குக் கொடுக்கச் சொன்ன மீனையும் முட்டையையும், ‘இஸ்லாமிய மருத்துவம்’ என்ற பெயரில் நம் வீடுகளில் நிறுத்திவிடுகிறார்கள். கொட்டியாரக் குடாவில் காலையில் கரைவலை இழுத்தால் சூடையும் சாளையும் கூடை கூடையாக வருகிறது. ஒலிவ எண்ணெய்ப் போத்தலின் காசுக்கு எத்தனை நாள் மீன் வாங்கலாம் என்று கணக்குப் பார்த்தவர்கள் குறைவு.

ஒலிவ எண்ணெய் கெட்டது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். வசதி உள்ளவர் கறிக்கும் சலாதுக்கும் சேர்ப்பது நல்ல பழக்கம். இதயத்துக்கு அது உகந்தது என்பதில் பெரிய தகராறு இல்லை. அதன் கொழுப்பில் முக்கால்வாசிக்குக் கிட்ட ஒலெயிக் அமிலம். நல்லெண்ணெயிலும் அதே அமிலம் ஐந்தில் இரண்டு பங்களவு இருக்கிறது. தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது நிறைகொழுப்பு, ஆகவே அளவோடு. 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் அப்லடொக்சின் பிடிபட்டபோது, ‘தேங்காயெண்ணெய் புற்றைத் தரும்’ என்று ஊரெல்லாம் பேச்சாகி, பலர் ஒலிவுக்கு ஓடினார்கள். பிடிபட்டது பூஞ்சண நஞ்சு கலந்த இறக்குமதிச் சரக்கு. நம் மரத்துத் தேங்காய் அல்ல.

வாங்குகிறவர் போத்தலையும் வாசிக்கவேண்டும். பழத்தை அரைத்து, சூடேற்றாமல் பிரித்தெடுத்து, அமிலம் 0.8 சதவீதத்துக்கு மேற்படாதது எக்ஸ்ட்ரா வெர்ஜின். மேலே சொன்ன ஸ்பெயின் ஆய்வில் கொடுத்தது இதைத்தான். பிழிந்த சக்கையிலிருந்து இரசாயனம் போட்டு எடுத்துச் சுத்திகரித்தது ‘பொமஸ்’. காறலைத் தரும் பொருள்கள் அதில் இராது. நம் கடைகளில் பெரிய டின்னில் விலை குறைவாகக் கிடைப்பது பலவேளை அதுதான், டின்னின்மேல் ஒலிவ மரப் படம் மட்டும் பெரிதாக இருக்கும். 2022இல் ரூபாய் விழுந்தபோதும், அடுத்தடுத்து ஸ்பெயினில் மழை பொய்த்து விளைச்சல் பாதிக்கும் கீழே போனபோதும் நல்ல எண்ணெயின் விலை ஏறிய ஏற்றத்தில், ‘சுன்னத்’ என்ற சொல்லை ஒட்டி விற்றவர்களுக்குத்தான் ஆதாயம். உமர் (ரழி) பஞ்ச காலத்தில் தின்ற எண்ணெயை, நோயாளியின் காப்பை அடகுவைக்கச் செய்து விற்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அந்த வியாபாரிகள்தான் சொல்லவேண்டும்.

நாட்டில் 1996 தொடக்கம் ‘நலமான பெண்’ கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதைத் தாண்டிய பெண்களின் மார்பகத்தை அங்கே பரிசோதித்து, தாமாகவே பார்த்துக்கொள்ளவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பரிசோதிப்பது பெரும்பாலும் பெண் உத்தியோகத்தரே. காசு கிடையாது. எந்த நாளில் என்பதை உங்கள் ஊர்க் குடும்பநல மாதுவிடம் கேட்டால் சொல்லுவா. அவவின் இலக்கம் பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியிடம் இருக்கும்.